ஒன்பது பாட்டில் புதினா

ஒன்பது பாட்டிலிலும் தண்ணீர் ஒரே அளவு இறங்கியிருந்தது.

பஷீருதீன் குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். கூடத்து ஜன்னலை ஒட்டி ஒரு பலகை, பலகைமேல் வரிசையாக ஒன்பது பாட்டில், ஒவ்வொன்றின் கழுத்திலும் பஞ்சு சுற்றிச் செருகிய புதினாக் குச்சி. வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பாட்டில்களைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தான். மட்டம் பார்க்க மட்டும் காகிதத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு, பிளவின் ஓரம் பென்சில் கோடு. நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இப்போது, விடியற்காலைத் தொழுகையை முடித்து வந்து பார்க்கிறான், எல்லாவற்றிலும் இரண்டு விரற்கடை காணோம்.

தண்ணீர் குறைவதில் ஒன்றும் அதிசயமில்லை. செடி என்றால் குடிக்கத்தான் செய்யும். கொத்துக் கொத்தாகக் கிளைத்துப் பாட்டிலையே மறைத்துக்கொண்டு நிற்கிற செடி அதிகம் குடிக்கும். போன வாரம் நறுக்கி வைத்த நாலு இலைக் குச்சி ஏதோ பேருக்கு உதட்டை நனைத்துக்கொள்ளும். அதுதான் முறை. ஆனால் இங்கே நாலு இலைக் குச்சியும் இரண்டு விரற்கடை குடித்திருந்தது. ஆவியாகப் போயிருக்குமோ என்றால், அதற்கும் அவன் சோதனை வைத்திருந்தான். பலகையின் கோடியில் செடி வைக்காத பத்தாவது பாட்டில் ஒன்று, வெறும் தண்ணீரோடு. அதில் மட்டம் மயிரிழைகூட அசையவில்லை.

இப்படிச் சோதனை வைக்கிற புத்தியெல்லாம் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் இருபது வருஷம் அட்டெண்டராக இருந்து வந்தது. சோதனைக் குழாய் கழுவுகிற ஆள்தான். ஆனால் எந்த பாட்டிலில் என்ன இருக்கிறதென்று வாத்தியார் லேபிளைப் படிப்பதற்குள் இவன் மோந்தே சொல்லிவிடுவான். மண்ணே இல்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கலாம் என்று வாசுதேவன் சார் ஏதோ பத்திரிகையில் படித்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சார் அன்றைக்கே மறந்துவிட்டார், அட்டெண்டர் மறக்கவில்லை. கொஞ்சம் வெடியுப்பு, கொஞ்சம் பேதியுப்பு, ஆணியில் சுரண்டிய துரு. கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, அடி இலையைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் செருகினால் எட்டாம் நாள் வேர் விடும். வேருக்கு மூச்சு வேண்டும் என்று காலையும் மாலையும் ஒரு கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு வாயால் ஊதுவான். அவன் மனைவி ஷரீபுன்னிசா மாமன் மகள், சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்தவள், அதனால் கேலிக்குக் குறைவில்லை. "பக்கத்து வூட்டுல கோழி வளக்குறாங்க, எதுத்த வூட்டுல ஆடு வளக்குறாங்க, எங்க மச்சான் பாட்டில் வளக்குது" என்பாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் அது. போன வருஷத்து மழை ஏமாற்றிவிட்டதில் ஏரித் தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. தெருக் குழாயில் ஒரு குடம் பிடிக்க அரை நாள் ஆகும். அந்தத் தண்ணீரைத்தான் அவன் தினம் இரண்டு விரற்கடை, இரண்டு விரற்கடையாக ஒன்பது பாட்டிலுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. முணுமுணுக்காததற்குக் காரணம் இருந்தது. அது ஷரீபுவுக்குத் தெரியாது.

போன வருஷம் சித்திரையில் அவர்களுடைய ஒரே பெண் ஹபீபா போய்விட்டாள். ஐந்து வயது. ஒரே பகல், ஒரே ராத்திரி, வாந்தியும் பேதியும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், நாக்கைக்கூட நனைக்காதே என்று தெருவே கூடி நின்று சொன்னது, பஷீருதீனும் கேட்டான். "தண்ணி அத்தா, தண்ணி அத்தா" என்று குழந்தை மூலையில் இருந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து போய்ச் சொம்பை அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்தான். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆறு மாசம் கழித்து, வாசுதேவன் சார் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே, ஒரு சொம்புத் தண்ணீரில் சிட்டிகை உப்பும் கைப்பிடி சர்க்கரையும் கலந்து விடாமல் கொடுத்தால் அந்த நோயில் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்றார். பஷீருதீன் பின்பக்கம் நின்று குழாய் கழுவிக்கொண்டே அதைக் கேட்டான். ஒரு மனிதன் அதைக் கேட்டுவிட்டு எப்படி நின்றுகொண்டே இருந்தான் என்பது அவனுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தில், கடலோரத்து மையவாடியில் அவளை அடக்கினார்கள். கப்ரின் மேல் பச்சையாக ஏதாவது ஒரு கொம்பு நடுவது வழக்கம். அது பச்சையாக இருக்கிற வரைக்கும் படைத்தவனைத் துதித்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவருக்கு அதனால் லேசாகும். பிஞ்சுகளுக்குக் கப்ரில் வேதனையே கிடையாது என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லத்தான் சொன்னார். பஷீருதீனுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக் கிணற்றடியில் இருந்த புதினாவை வேரோடு கொண்டுபோய் நட்டான். வைத்தது வைத்ததுதான், கப்ரில் வைத்த பச்சையை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. ஆனால் இந்தத் தை மாசம் போய்ப் பார்த்தபோது உப்பு மணலில் செடி காய்ந்து சுருண்டு கிடந்தது, மூன்றே மூன்று கொம்பு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கிள்ளி ஈரக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தான். தண்ணீரில் வேர்விட வைத்து, செடியாக்கித் திரும்பக் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்றுதான் எண்ணம்.

திரும்பக் கொண்டுபோகவில்லை. மட்டம் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு ஆறுதல். குடிக்கிறாள், நம் வீட்டில் உட்கார்ந்து குடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள்.

அடுத்த மாதமே ஷரீபு முழுகாமல் இருந்தாள். மசக்கை என்றால் சாதாரண மசக்கை இல்லை. சோற்று வாசம் பட்டாலே குடலைப் புரட்டும். ஒன்றே ஒன்றுதான் உள்ளே தங்கியது. பலகையிலிருந்து ஒரு நுனியைக் கிள்ளிப் பச்சையாக மென்று தின்பாள், உடனே முகம் தெளியும். சந்தையில் வாங்கியது என்று அவன் சொல்லி வைத்திருந்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கிள்ளக் கிள்ள இரண்டாகக் கிளைத்தது, கிளைத்ததை நறுக்கி அவன் இன்னொரு பாட்டிலில் வைத்தான். மூன்று ஒன்பதாயிற்று. அவள் வயிறும் எட்டு மாசம் ஆயிற்று.

அப்போதுதான் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது.

முதலில் பாதம். பிறகு கணுக்கால். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விழுந்த குழி அப்படியே கிடந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, உப்பைத் தொடாதே, இன்னும் ஏறினால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து, வெள்ளிக்கிழமைக்குள் வடியாவிட்டால் வந்து படுத்துவிடு என்றாள். பஷீருதீன் வீட்டுக்கு வந்து ஒரு நூலை எடுத்து அவள் கணுக்காலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அளந்தான். மறுநாள் காலை அந்த முடிச்சு எட்டவில்லை, இரண்டு விரற்கடை குறைந்தது.

அவன் நூலைக் கையில் பிடித்தபடி பலகையைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு விரற்கடை.

சும்மா ஒரு எண்ணம் என்று தள்ளிவிட்டான். மறுநாள் மட்டம் மூன்று விரற்கடை இறங்கியது. நூல் மூன்று விரற்கடை குறைந்தது. அதற்கு மறுநாள் அவன் நூலை எடுக்கவே பயந்தான், ஆனாலும் எடுத்தான், அளந்தான், நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொல்லையில் போய் நின்றான். ஷரீபு உள்ளே இருந்து, "இன்னா மச்சான், வடிஞ்சிகீதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வடிஞ்சிகினு வருது" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல வேருக்கு ஊதப் போனான். வெளியே காற்று செத்துக் கிடந்தது, கரண்ட் வேறு இல்லை. கூடம் முழுக்கப் புதினா வாசம், அதற்கு அடியில் இன்னொரு வாசம், அலை ஒதுக்கிய ஈர மணலில் வருமே, அது. கண்ணாடிக் குழாயை முதல் பாட்டிலில் விட்டு ஊதினான். களகளவென்று குமிழி கிளம்பும் சத்தம் அவனுக்குப் பழகிய சத்தம். இரண்டாவது பாட்டில். மூன்றாவது. நாலாவதில் ஊதும்போது குமிழி வரவில்லை. குழாய் அடைத்திருக்குமோ என்று இன்னும் பலமாக ஊதினான். அப்போது குழாயின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ உறிஞ்சினார்கள்.

அவன் வாயிலிருந்த காற்று அவனைக் கேட்காமல் போயிற்று. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. சோடாக் கடையில் குழாய் போட்டுக் குடிக்கிற பிள்ளை கடைசிச் சொட்டுவரை இழுக்குமே, அப்படி ஒரு இழுப்பு. குழாயைப் பிடுங்கி எறிந்தான். அது தரையில் உடைந்தது. உதட்டில் ஒட்டியிருந்த துளியை நாக்கு தானாகத் தொட்டது. உப்பு. கடல் உப்பு. பல்லுக்கிடையில் நறநறவென்று மணல். அவன் போட்ட எந்த உப்பிலும் மணல் இல்லை.

நாலாவது பாட்டிலின் கறுப்புக் காகிதத்தைக் கிழித்தான். பிறகு ஐந்தாவது. ஆறாவது. எல்லாவற்றையும் கிழித்தான். வெள்ளை வெளேரென்று வேர்கள் அடிவரை இறங்கி, அங்கே சுருளாமல், ஒரே பக்கமாகத் திரும்பிக் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் பக்கம் இல்லை. ஷரீபு படுத்திருக்கும் உள்ளறைப் பக்கம். ஒரு பாட்டிலை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீருக்குள் அந்த வேர்கள், அவசரமே இல்லாமல், திரும்பின.

"மச்சான், இன்னா ஒடைஞ்சிது?"

ஷரீபு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமும் வீங்கியிருந்தது, கண் இரண்டும் கோடாகியிருந்தன. நேராகப் பலகைக்கு வந்து ஒரு நுனியைக் கிள்ளினாள். பஷீருதீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வந்தது.

"வுடு. இத தின்னாத்தான் உள்ள கீறது அடங்குது. காலையிலேர்ந்து ஒதச்சிகினே கீது, வலி தாங்கல. நீயே பாரு."

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே ஒரு உதை. சின்னக் குதிகால், கெட்டியாக, பிடிவாதமாக. எத்தனையோ நாளைக்கப்புறம் அவனுக்கு அழுகை வந்தது. இந்தப் பிள்ளை வேண்டும். இவள் வேண்டும். மற்றது எதுவானாலும் சரி, நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சத்தம் போட்டுச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் ஒன்பது குச்சியையும் பாட்டிலிலிருந்து உருவி, ஈரச் சாக்கில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறினான். உருவும்போது வேர்கள் தனித்தனியாகத்தான் வந்தன. ஏறும்போது பை இறகுபோல இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மடி கனத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பையைப் பார்த்துவிட்டு, "மீனா தம்பி?" என்று கேட்டார். "புதினா" என்றான். அவர் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். பையின் அடி கதகதப்பாக இருந்தது. வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டான்.

மையவாடியில் அப்துல் சுபஹான் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். அங்கே குழி வெட்டுகிறவன், பஷீருதீனோடு ஒன்றாகப் படித்தவன். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் பளபளவென்று கண்ணைக் குத்தியது.

"இன்னாடா பஷீரு, பராத்துக்கு இன்னும் நாளு கீதே, அதுக்குள்ள வந்துட்டே?" என்றான். பராத் இரவில் கப்ர்களைப் பார்க்க ஊரே வரும் என்பதால்தான் அவன் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

பஷீருதீன் எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் மட்டத்தை, நூலை, குழாயை. சுபஹான் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எத்தினி கொம்பு எடுத்தே?"

"மூணு."

"பையில எத்தினி கீது?"

"ஒம்போது."

சுபஹான் களைக்கொட்டைக் கீழே வைத்தான். "மூணு எடுத்தா மூணு வையி. பாப்பாவோடது பாப்பாவுக்குப் போவட்டும். மீதிய கடல்ல வுடு, ஆட்டுக்குப் போடு, இன்னா வேணா பண்ணு. இங்க வெக்காத. மண்ணுக்குப் போதும்னு சொல்லத் தெரியாதுடா."

பஷீருதீன் ஹபீபாவின் கப்ருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தான். ஒன்பது குச்சியின் வேரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே முடிச்சாகியிருந்தன. தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை, வெள்ளையாக, ஈரமாக. பிரித்துப் பார்த்தான். பிரியவில்லை. தலைப்பக்கமாவது அடையாளம் தெரியுமா என்று இலைகளைப் புரட்டினான். எது தாய்க் கொம்பு, எது அதிலிருந்து நறுக்கியது? ஒரு செடியிலிருந்து வெட்டிய குச்சி அந்தச் செடியேதான். இருபது தடவை வெட்டினாலும் அதேதான். இது முதல், இது பிள்ளை என்று எவனாலும் சொல்ல முடியாது. மூன்றைத் தப்பாக எடுத்து வைத்துவிட்டால்? ஹபீபாவுடைய கொம்பு ஒன்று வெளியே நின்றுவிட்டால்? ஷரீபுவின் கண் வீங்கிய முகம் எதிரே வந்து நின்றது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

சுபஹான் தோப்புப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்தான். கையால் குழி பறித்தான். ஊரெல்லாம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்க, ஹபீபாவின் மணல் மட்டும் இரண்டு சாண் ஆழத்தில் ஈரமாக இருந்தது. உருண்டையை அப்படியே உள்ளே வைத்தான். மணலைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினான்.

பள்ளிவாசலிலிருந்து மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது.

உள்ளங்கைக்குக் கீழே மணல் உதைத்தது.

ஒரே ஒரு தடவை. கெட்டியாக. கையை எடுத்துக்கொண்டு பார்த்தான். ஒன்பது குச்சியும் வெயிலில் அசையாமல் நின்றன. மணல் இறுகும், ஈர மணல் அப்படித்தான் அமுங்கும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து, கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் தூங்கக்கூடச் செய்தான்.

வீட்டு வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. ஷரீபு எதிரே வந்தாள், நடந்து வந்தாள், சிரித்துக்கொண்டு. முகத்தில் வீக்கம் இல்லை. கண் இரண்டும் பழையபடி பெரிதாக இருந்தன.

"காலப் பாரு மச்சான். ஒரு வாரமா ஏறாத கொலுசு, இன்னிக்கி ஏறிகீது! ஒரே நாழியில வடிஞ்சிடிச்சி. ஒண்ணுக்குப் போயிகினே இருந்தேன்."

அவனுக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்வரை வந்தது. "எப்ப வடிஞ்சிது?"

"லுஹர் பாங்கு சொல்லச் சொல்ல. அப்பவே ஒரு ஒதை ஒதச்சிது பாரு, உசுரே போயி வந்துச்சி. அப்புறம் அடங்கிடிச்சி. பாவம், இத்தினி நாளா அதுக்கும் தூக்கமில்ல. இப்ப நல்லாத் தூங்குது."

பஷீருதீன் கையை நீட்டினான். வயிறு அதே உருண்டையாக, அதே பெரிதாகத்தான் இருந்தது. தொட்டான். தோல் சில்லென்று இருந்தது. மெல்ல அழுத்தினான். உள்ளே எதுவும் தடுக்கவில்லை. தலை இல்லை, முதுகு இல்லை, முட்டி இல்லை. நிரம்பிய தண்ணீர்த் தோண்டியை நகர்த்தினால் ததும்புமே, அப்படி ஒரு ததும்பல். தண்ணீர் மட்டும்.

மூன்று கொம்பு ஹபீபாவுடையது. மீதி ஆறு? அந்த ஆறோடு சேர்ந்துதானே இந்த வயிறு வளர்ந்தது. அவள் கிள்ளிக் கிள்ளித் தின்று, அவன் ஊதி ஊதி மூச்சுக் கொடுத்து வளர்த்தது. அந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறான். தன் கையால் வைத்தான். தன் கையால் அழுத்தினான்.

"மச்சான்? ஏன் ஒரு மாதிரி கீறே?"

"தூங்கட்டும்" என்றான். "எழுப்பாத. தோ வந்துடறேன்."

தெருமுனை வரை நடந்தான். அதற்கப்புறம் ஓடினான். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல், சவுக்கு ஏற்றப் போகிற லாரியை மறித்து ஏறினான். டிரைவர் ஏதேதோ கேட்டான், இவன் காதில் ஒன்றும் விழவில்லை. கைகள் இரண்டையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உதை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடல் சத்தம் பெரிதாகியிருந்தது. ஒன்பது புதினாவும் ஹபீபாவின் மேல் நின்றன. மத்தியானம் சாண் உயரம். இப்போது முழங்கால் உயரம். காற்றே இல்லை, இலைகள் அசைந்தன.

ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தான். சிரமமே இல்லாமல் வந்தது. அடியில் வேர் இல்லை. கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, அவன் பிளேடு வைத்து வெட்டியது, இன்றைக்கு வெட்டியதுபோல ஈரமாக. அடுத்ததை இழுத்தான். வேர் இல்லை. ஒன்பதிலும் இல்லை.

தோண்டினான்.

இரண்டு சாண். உருண்டை இல்லை. மூன்று சாண். கடல் மணல், அள்ள அள்ளச் சரிந்து உள்ளே விழுந்தது. நகம் பிய்ந்தது. குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டான். கேட்டது. மெல்ல, ஆழத்தில். உதை.

"இருக்கு. யா அல்லா, இருக்கு."

தோண்டினான். காதை வைத்தான். உதை. முன்னைவிடக் கீழே.

இன்னும் வேகமாகத் தோண்டினான். சட்டையைக் கழற்றி அதில் மணலை வாரி வெளியே எறிந்தான். காதை வைத்தான். இன்னும் கீழே. போய்க்கொண்டே இருந்தது.

"டேய் பஷீரு!" சுபஹான் தோப்போரம் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்து, நடுவிலேயே நின்றுவிட்டான். கிட்டே வரவில்லை. "வெளிய வாடா! கொழந்த கப்ரடா அது, தோண்டாதடா!"

இடுப்பளவுப் பள்ளம். மணல் இப்போது சேறு. உப்பு வாசம், புதினா வாசம். பஷீருதீன் கையை உள்ளே விட்டான். முழங்கை. தோள். கன்னம் சேற்றில் பதிந்தது. விரல்களை நீட்டினான். இன்னும். இன்னும் கொஞ்சம்.

பட்டது.

ஒரு குதிகால். அவன் கட்டைவிரல் நுனி அளவு. கதகதப்பாக இருந்தது. துடித்தது. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துவிட்டான், நழுவவிடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மெல்ல மெல்லக் கணுக்காலுக்கு ஏற்றினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்தது. பிறக்காத பிள்ளையின் கை இல்லை, அதைவிடப் பெரியது. குளிர்ந்த கை. சின்ன விரல்கள், ஐந்து வயது விரல்கள். அவனுக்குத் தெரியாதா?

"வுடும்மா" என்றான் பஷீருதீன். வாய்க்குள் மணல் போயிற்று. "கண்ணு, வுடும்மா. பாப்பாவ வுட்டுடும்மா. அத்தா சொல்றேன்ல."

அந்த விரல்கள் கணுக்காலை விட்டுத் தளர்ந்தன. அவனுடைய விரல்களைத் தடவிப் பார்த்தன, ஒவ்வொன்றாக, யாரென்று அறிந்துகொண்டதுபோல. பிறகு பிள்ளையின் காலையும் அவன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கீழே இழுக்கத் தொடங்கின.